கூண்டு மீன்

அவரை எல்லோரும் 'அரை கிராம்' என்றுதான் சொல்வார்கள். எதிரில் நிற்கும்போது 'சார்', முதுகு திரும்பியதும் 'அரை கிராம்'. கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தும் அலுவலகத்தில் அவருக்கு இருபத்தாறு வருட வேலை. பித்தளை எடைக்கற்களை மரப்பெட்டிக்குள் துணி விரித்துப் படுக்க வைத்து, கடை கடையாகத் தூக்கிக்கொண்டு போவார். தராசு மயிரிழை சாய்ந்தாலும் முத்திரை கிடையாது. டீ வாங்கிக் கொடுத்தவனுக்கும் கிடையாது, திட்டியவனுக்கும் கிடையாது. ஒருமுறை ஒரு நகைக்கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "அரை கிராம்தானே சார், விடுங்க" என்று சொல்லிவிட்டார். "அரை கிராம்னா அரை கிராம்தான்" என்று அந்தத் தராசையே ஓரங்கட்டி வைத்துவிட்டு வந்தார் இவர். அன்று ஒட்டிய பெயர் பிறகு உதிரவே இல்லை. அதில் அவருக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஊருக்கு வெளியே அணை கட்டித் தேக்கிய ஏரி ஒன்று இருந்தது. அங்கே தூண்டில் சங்கம் ஒன்று. சங்கத்தார் தேடுவது பாஸ் மீனை. புதிதாக வருகிறவர்களிடம், "பாஸ்னா ஆபீஸ்ல நம்மள மிரட்டுறவர் இல்ல, இவர் தண்ணியில மிரட்டுறவர்" என்று யாராவது ஒருவர் தவறாமல் ஜோக்கடிப்பார். பச்சை உடம்பு, விலாவில் கறுப்புப் பட்டை, ஒரு கைமுட்டியே உள்ளே போய்விடும் வாய். சங்கத்தின் சட்டம் எளிது: பிடிக்கலாம், எடை போடலாம், உயிரோடு திரும்ப விட்டுவிட வேண்டும். தூண்டில் முள்ளின் நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சின்னப் பல்லைக் குறடால் நசுக்கிவிட்டுத்தான் தூண்டிலையே தூக்க வேண்டும். அப்போதுதான் மீனின் தாடை கிழியாமல் முள் கழன்று வரும்.

எடை என்று வந்துவிட்ட பிறகு அரை கிராமை விட்டால் வேறு யார்? பன்னிரண்டு வருடமாகப் போட்டித் தராசு அவர் கையில்தான் இருந்தது. அவருக்கு மீன் பிடிக்க அவ்வளவாக வராது. ஆனால் மீனைக் கையாளும் விதம் பற்றி அவரோடு வாய் கொடுத்தால் மீள முடியாது. ஈரக் கையால்தான் தொட வேண்டும், உலர்ந்த கை பட்டால் அதன் மேல் இருக்கும் வழவழப்பு போய்விடும், அது போனால் புண் வரும் என்பார். கீழ்த்தாடையை ஒரு கையால் பிடித்தால் வயிற்றை இன்னொரு கை தாங்க வேண்டும் என்பார். எவ்வளவு நேரம் வெளியே வைத்திருக்கலாம் என்று கேட்டால், "மீனைத் தூக்கும்போதே நீங்களும் மூச்சைப் பிடிச்சுக்குங்க. உங்களுக்கு முட்டுச்சுன்னா அதுக்கும் முட்டுதுன்னு அர்த்தம்" என்பார்.

நிஜமாகவே மீன் பிடிக்கத் தெரிந்தவன் அவருடைய மச்சினன். மனைவிக்குப் பத்து வயது இளையவன். அம்மா போன பிறகு அக்காதான் தாய்க்குத் தாயாக இருந்து வளர்த்தாள். கல்யாணமாகி வந்தபோது தம்பியையும் கூடவே கூட்டிக்கொண்டு வந்தாள். படிப்பு ஏறவில்லை, பார்த்த வேலை எதிலும் கால் ஊன்றவில்லை. கடைசியில் அரை கிராம்தான் சங்கத்தில் ஒரு வார்த்தை சொல்லி, படகுத்துறையில் சேர்த்துவிட்டார். படகுகளைக் கழுவுவது, துடுப்புகளை எண்ணி வைப்பது, மீன் முட்டையிடும் காலத்தில் ஏரியின் வடக்குமூலைக்குக் காவல் இருப்பது, இவ்வளவுதான் வேலை.

அந்த மூலையில் தண்ணீர் ஆழமில்லை, அடியில் பொடிக்கல். பாஸ் மீன்கள் அங்கேதான் கூடு போடும். மூன்று மாதத்துக்கு மிதவைக் கயிறு கட்டி அதை மூடிவிடுவார்கள். கயிற்றுக்கு உள்ளே ஒரு துடுப்புகூட விழக்கூடாது. எதிலும் ஒட்டாத அந்த ஆள் இந்தக் காவலில் மட்டும் பசை போட்டது போல ஒட்டிக்கொண்டான். எத்தனை கூடு, எதில் எந்த மீன் நிற்கிறது என்று அக்காவிடம் வந்து கதை கதையாகச் சொல்வான். ஒருமுறை செயலாளர் கூட்டி வந்த விருந்தாளியையே கயிற்றுக்கு வெளியே துரத்தியிருக்கிறான். செயலாளர் தொழிலில் பல் டாக்டர், நல்ல மனுஷர். சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார்.

அந்த வருடப் போட்டியில் மச்சினனும் பெயர் கொடுத்தான். வயது முப்பத்து நாலு. இத்தனை நாளும் மற்றவர்கள் ஏறும் படகைக் கழுவியவன் தானும் ஒன்றில் ஏறிப் பார்க்க ஆசைப்பட்டான். டாக்டர் சரி என்றார். ஆளுக்கொரு படகு, காலை ஆறிலிருந்து பன்னிரண்டு வரை நேரம், எல்லாவற்றிலும் பெரிய ஒற்றை மீனுக்குப் பரிசு. "அக்கா, நீயும் வந்து பாரு" என்று அவளைக் கூட்டிவந்து, மேடைக்கு முன்னால் மூன்றாவது வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டுத்தான் படகை எடுத்தான்.

பன்னிரண்டு மணிக்குள் எல்லோரும் துறைக்குத் திரும்பிவிட்டார்கள். லாரிப் பட்டறைக்காரர் கொண்டுவந்த மீன் ஒரு கிலோ நானூற்றுப் பத்து. அதைத் தாண்டி யாரும் வரவில்லை. கடைசியாக மச்சினன் வந்தான். தண்ணீர்ப் பையிலிருந்து மீனை எடுத்துத் தட்டில் வைத்ததும் கூட்டம் எழுந்து நின்றது. ஒரு கிலோ எண்ணூற்று நாற்பது.

அரை கிராம் எடையை எழுதப் போனவர் பேனாவை நிறுத்தினார். மீனின் வால் தேய்ந்திருந்தது. ஓரம் நார் நாராகப் பிரிந்து, சிவந்து, புள்ளி புள்ளியாக ரத்தம் கட்டியிருந்தது. உடம்பும் வெளிறிக் கிடந்தது. இரண்டு வருடத்துக்கு முன் வேறொரு ஏரிப் போட்டியில் ஒருவன் முன்கூட்டியே மீன் பிடித்து, கம்பிக் கூண்டில் போட்டுத் தண்ணீருக்குள் இறக்கி வைத்திருந்து, போட்டியன்று எடுத்துக் காட்டி மாட்டிக்கொண்டான். அந்த மீனின் வாலும் கம்பியில் உரசி இப்படித்தான் தேய்ந்திருந்ததாகப் பேச்சு.

அதே நேரம் பட்டறைக்காரர் பக்கத்தில் நின்றவரிடம் முணுமுணுத்தது இவர் காதில் விழுந்தது. "மச்சினன் மீனு, மாமா தராசு. அப்புறம் என்ன?"

இருபத்தாறு வருடத்தில் யாரும் அவரைப் பார்த்து அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. காது மடல் சுட்டது.

"எங்க பிடிச்ச?" என்று கேட்டார்.

"ஏரியிலதான் மாமா."

"ஏரியில எங்க?"

மச்சினன் தட்டில் கிடந்த மீனைப் பார்த்தான், பிறகு மூன்றாவது வரிசையைப் பார்த்தான். இவர் இன்னொரு தடவை கேட்டார். அவன் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டானே தவிர வாய் திறக்கவில்லை. தனியே கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். பத்தடி தூரத்தில் படகுக் கொட்டகை, அதற்குக் கதவும் உண்டு. ஆனால் அரை கிராம் டாக்டரின் கையிலிருந்த மைக்கை எட்டி வாங்கினார்.

"இது இன்னிக்குப் பிடிச்ச மீன் இல்ல. கூண்டுல போட்டு வச்சிருந்த மீன். இதை நான் கணக்குல எடுக்க மாட்டேன். என் வீட்டு ஆளா இருந்தாலும் எடுக்க மாட்டேன்."

கூட்டம் கைதட்டியது. கடைசி வாக்கியத்துக்குத்தான் அந்தக் கைதட்டல் என்று அவருக்குத் தெரிந்தது. உச்சியில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றியது போலச் சுகமாக இருந்தது. யார் யாரோ மேடையேறி வந்து அவர் கையைக் குலுக்கினார்கள். பட்டறைக்காரர், "உங்கள மாதிரி ஒருத்தர் போதும் சார்" என்றார். இந்த அமளி அடங்கிய பிறகுதான் மீன் இன்னும் தட்டிலேயே கிடப்பதை ஒருவர் கவனித்தார். செவுள் எப்போதாவது ஒருமுறை திறந்து மூடியது. ஓடிப்போய்த் தண்ணீரில் விட்டார்கள். அது ஒரு பக்கமாகச் சாய்ந்து, வெள்ளை வயிறு மேலே தெரிய, பலகைத் துறையின் அடிக்குள் மெல்ல ஒதுங்கியது. மச்சினன் முழங்கால் தண்ணீரில் இறங்கி, அதை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். அது நீந்தவே இல்லை.

அன்று சாயங்காலமே சங்கம் அவனை வேலையிலிருந்து நீக்கியது. மூன்றாம் நாள் காலையில் ஒரு பையோடு ஊரைவிட்டுக் கிளம்பினான். போகும்போது அக்காவிடம் சொல்லிக்கொண்டான், மாமாவிடம் சொல்லவில்லை. அவனை அனுப்பிவிட்டு உள்ளே வந்தவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அந்த மைக்க யாரு உங்க கையில குடுத்தா?"

"யாரும் குடுக்கல. நானேதான் வாங்கினேன்."

அதற்குப் பிறகு அவள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. தட்டு வைத்தாள், சட்டை தேய்த்து வைத்தாள், கேஸ் தீர்ந்தால் தீர்ந்துவிட்டது என்று சொன்னாள். வீட்டில் வார்த்தைகள் தேவைக்கு மேல் ஒன்றுகூடப் புழங்கவில்லை.

போட்டி முடிந்து ஒன்பது நாள் கழித்து, தராசைத் துடைத்து உறை போட்டு வைப்பதற்காகச் சங்கத்துக்குப் போனார். அறிவிப்புப் பலகையில் போட்டிப் படங்களை ஒட்டியிருந்தார்கள். ஒன்றில் மச்சினன் படகில் நின்றபடி மீனைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தான். கரைக்கு வரும்போது யாரோ எடுத்த படம். ஈரக் கை, தாடையில் ஒன்று, வயிற்றில் ஒன்று. அரை கிராம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டே போனார்.

மீனின் மூக்கு பளிங்கு போல இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை. கூண்டில் அடைத்த மீன் வெளியேற வழி தேடி முட்டி முட்டி முதலில் மூக்கைத்தான் புண்ணாக்கிக்கொள்ளும். வால் தேய்வது அதற்குப் பிறகு. இந்த மீனுக்கு வாலில்கூடக் கீழ்ப்பாதிதான் தேய்ந்திருந்தது, மேல்பாதி முழுசாக இருந்தது. அன்று தட்டில் இதெல்லாம் அவர் கண்ணுக்கு நேராகத்தான் இருந்தது. அவர் பார்க்கவில்லை.

மறுநாள் லீவு போட்டுவிட்டு, துடுப்புப் படகு ஒன்றை எடுத்துக்கொண்டு தனியாக வடக்குமூலைக்குப் போனார். காவல் இல்லாததால் மிதவைக் கயிறு ஒரு பக்கம் அவிழ்ந்து கரையில் கிடந்தது. வெயில் நேராக இறங்கிய தண்ணீருக்குள் அடிவரை தெரிந்தது. வட்ட வட்டமாக, பெரிய தட்டு அளவுக்கு, கல்லைச் சுத்தமாகப் பெருக்கி வைத்த பள்ளங்கள். சிலவற்றின் மேல் ஆண் மீன்கள் நின்றன. முட்டை போட்டதும் பெண் மீன் போய்விடும், பொரிந்து குஞ்சு தேறும்வரை ஆண்தான் காவல். ஒரு மீன் உடம்பைச் சாய்த்து வாலால் தரையைப் பெருக்குவதை அரை கிராம் பார்த்தார். அது திரும்பியபோது வாலின் கீழ்ப்பாதி தெரிந்தது. நார் நாராகப் பிரிந்து, சிவந்து, ரத்தம் கட்டி.

ஒரு பள்ளத்தில் மட்டும் மீன் இல்லை. மற்ற பள்ளங்களில் கல் பளிச்சென்று இருந்தது, அதில் சேறு படிந்திருந்தது. அவர் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். மச்சினன் ஏன் வாய் திறக்கவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. அவன் கூண்டில் வைத்திருந்த மீனைக் கொண்டுவரவில்லை. தானே காவல் காத்த கயிற்றைத் தாண்டி, கூட்டிலிருந்து எடுத்திருக்கிறான். வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது.

நேராக டாக்டரின் கிளினிக்குக்குப் போனார். டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"கூண்டா இருந்தா என்ன, கயித்துக்கு உள்ளயா இருந்தா என்ன சார்? ரெண்டுக்குமே மீன் செல்லாது, ரெண்டுக்குமே வேலை போயிருக்கும். உங்க தீர்ப்பு சரியாத்தான் வந்திருக்கு. காரணம்தான் கொஞ்சம் மாறிப்போச்சு."

"காரணம்தான் சார் தீர்ப்பு" என்றார் அரை கிராம்.

டாக்டர் அடுத்த நோயாளியை உள்ளே வரச் சொன்னார்.

அன்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் தம்பியின் விலாசம் கேட்டார். எதற்கு என்றாள். "தப்புப் பண்ணிட்டேன்" என்றார். இருபத்து நாலு வருடத்தில் அவர் வாயிலிருந்து அவள் கேட்காத வார்த்தை அது. அவள் ஒரு காகிதத்தில் எழுதி மேஜைமேல் வைத்தாள்.

பஸ்ஸில் எட்டு மணி நேரம். கடலோரத்தில் மீனை வெட்டிச் சுத்தம் செய்து உறையவைத்து ஏற்றுமதி செய்யும் தொழிற்சாலை அது. காவல்காரரிடம் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டு வாசல் பெஞ்சில் காத்திருந்தார். இடைவேளை மணி அடித்ததும் ரப்பர் பூட்ஸும் நெஞ்சுவரை ஏப்ரனுமாக மச்சினன் வந்தான். இளைத்திருந்தான். ஐஸிலும் உப்புத் தண்ணீரிலும் ஊறி விரல்கள் வெளுத்து, கணுவுக்குக் கணு வெடித்திருந்தன. பதினைந்து நிமிடம்தான் இடைவேளை என்றான். அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்டான்.

அரை கிராம் பஸ்ஸில் வரும்போது மனதுக்குள் கோத்து வைத்திருந்த பேச்செல்லாம் எங்கேயோ போய்விட்டது. படத்தைப் பார்த்ததையும், மூலைக்குப் போனதையும், சேறு படிந்த பள்ளத்தையும் முன்பின்னாகச் சொன்னார். கூண்டு என்று சொன்னது பொய்யாகிவிட்டது, மன்னித்துக்கொள் என்றார்.

மச்சினன் குனிந்து தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அன்னிக்கு அஞ்சு மணி நேரமா ஒண்ணும் மாட்டல மாமா. பதினொன்றரைக்குத் திரும்பி வர்றேன். கயித்துக்கு அந்தப் பக்கம் அது நிக்குது. தினமும் பாக்குற மீனு. வெளியில நின்னுக்கிட்டே ரப்பர் புழுவைத் தூக்கிப் போட்டேன். ஒரே தடவதான்." பூட்ஸ் நுனியால் தரையைத் தேய்த்தான். "அது பசிக்குக் கடிக்கல. குஞ்சு பொரியிற இடத்துல என்னமோ விழுந்துடுச்சுன்னு, வாயில கவ்வி வெளிய கொண்டுபோய்ப் போடப் பாத்துச்சு. அப்பத்தான் இழுத்தேன்."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே."

"கூண்டுன்னு சொன்னீங்க. அது பொய். பொய்ப் பழியைத் தூக்கிட்டு எங்க வேணா போயிடலாம் மாமா, கனக்காது. நான் செஞ்சது உண்மை. அதை அக்கா முன்னாடி எப்படிச் சொல்லுவேன்? தினமும் அந்த மீனுங்க கதையை அவகிட்டதான் சொல்லிட்டு இருந்தேன்."

அடுத்த போட்டியில் மேடையேறி எல்லோர் முன்னாலும் தன் தவறைச் சொல்வதாக அரை கிராம் சொன்னார். மச்சினன் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான்.

"என்னன்னு சொல்லுவீங்க? கூண்டுல இருந்து இல்ல, கூட்டுல இருந்து எடுத்தான்னா? வேணாம். அன்னிக்குக் கொட்டகைக்குள்ள கூப்பிட்டுக் காதோட கேட்டிருந்தா, உங்க கால்ல விழுந்து எல்லாத்தையும் சொல்லியிருப்பேன். மைக்குல சொன்னீங்க. இப்ப இவ்ளோ தூரம் வந்து காதோட சொல்றீங்க."

"நான் என்னதான் செய்யட்டும்?"

"ஒண்ணும் செய்ய வேணாம். கிளம்புங்க. மணி அடிச்சிடும்."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அரை கிராமுக்குத் தாங்கவில்லை. மணி அடித்தது, மச்சினன் உள்ளே போனான். கதவு திறந்து மூடிய இடைவெளியில் வந்த குளிர்காற்று பெஞ்சு வரைக்கும் அடித்தது.

ஊருக்குத் திரும்பியதும் சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். போட்டியில் நான் சொன்ன காரணம் தவறு, சரியாகப் பார்க்காமல் சொல்லிவிட்டேன், இனித் தராசைத் தொடமாட்டேன் என்று நாலு வரி. என்ன நடந்தது என்பதை எழுதவில்லை. அது அவன் சொல்ல வேண்டியது, அவன் வேண்டாம் என்றுவிட்டான். டாக்டர் கடிதத்தைக் கோப்பில் வைத்தார். கூட்டத்தில் யாரும் அதைப் படிக்கவில்லை. ஊரில் இன்றைக்கும் கேட்டால், அரை கிராம் சொந்த மச்சினனையே விட்டுவைக்காத மனுஷன் என்றுதான் புகழ்வார்கள். அந்தப் புகழ்ச்சி வரும்போதெல்லாம் அவர் தலையைக் குனிந்துகொள்வார். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் புகழ்வார்கள்.

படகுத்துறைக்கு வேறு ஆள் வந்தார். படகுகளை நன்றாகக் கழுவுவார், வடக்குமூலைப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார். அடுத்த பருவத்தில் கயிறு பேருக்குக் கட்டினார்கள். அதற்கடுத்த பருவத்தில் அதுவும் இல்லை. காவலுக்கு நின்ற மீன்களை ஆளாளுக்குப் பிடித்தார்கள். பிடித்ததைத் திருப்பி விட்டாலும், அந்த இரண்டு நிமிட இடைவெளிக்குள் சின்ன மீன்கள் கூட்டமாகப் புகுந்து முட்டையை முடித்துவிடும். அரை கிராம் தன் காசில் கயிறு வாங்கிக்கொண்டு போய் இரண்டு ஞாயிற்றுக்கிழமை கட்டிப் பார்த்தார். திங்கட்கிழமை அறுந்து கிடந்தது. நாலாவது வருடம் போட்டியில் ஒரு கிலோ தாண்டிய மீனே வரவில்லை. சங்கம் போட்டியை வேறு ஏரிக்கு மாற்றிக்கொண்டது.

மனைவி இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தம்பியைப் பார்த்துவிட்டு வருவாள். விரலுக்குத் தடவும் களிம்பும் கம்பளிக் காலுறையும் எடுத்துப் போவாள். வந்த பிறகு அங்கே நடந்தது எதையும் சொல்லமாட்டாள், இவரும் கேட்கமாட்டார். மற்றபடி நாளடைவில் இருவரும் பேசிக்கொள்ள ஆரம்பித்தார்கள். காய்கறி விலை, பக்கத்து வீட்டுக் குழாய், அவருடைய முழங்கால் வலி.

ஐந்தாம் வருடம் மச்சினனுக்கு அந்த ஊரிலேயே கல்யாணம் கூடி வந்தது. கூட வேலை செய்யும் பெண். அழைப்பிதழ் தபாலில் வந்தது. உறைமேல் அக்காவுக்கு மட்டுமே எழுதியிருந்தான். அவள் அதை ஒளித்தும் வைக்கவில்லை, எடுத்துக் காட்டவும் இல்லை. வழக்கமாகத் தபால் வைக்கும் இடத்திலேயே வைத்தாள். அவர் எடுத்துப் பார்த்துவிட்டு, அப்படியே திருப்பி வைத்தார்.

கிளம்பும் நாள் காலையில், "வர்றீங்களா?" என்று கேட்டாள்.

"அவன் கூப்பிடலையே."

"ஆமா, கூப்பிடல" என்றாள்.

அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையம் வரை போனார். ஜன்னலோர இருக்கை பிடித்துக் கொடுத்தார், தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தார். ஏதாவது சொல்லி அனுப்பப் போகிறாரோ என்று அவள் கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் கிளம்பியது. அவர் கையசைத்துவிட்டு, எதிரில் இருந்த கடையில் ஒரு டீ குடித்துவிட்டு, வீட்டுக்கு நடந்தார்.